போனதும் திரும்பாததும்

எங்கள் குடும்பத்தில் ஒரு வசவு உண்டு. வேறு எந்த வீட்டிலும் அதை நான் கேட்டதில்லை. யாராவது ஒரு காரியத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டால், "ஓடத்தை விட்டு ஓடம் பிடிச்சவன் வம்சம்தானே!" என்பார்கள். கல்லூரிப் படிப்பை இரண்டாவது வருஷத்தோடு நான் நிறுத்திக் கொண்டபோது என் தகப்பனார் இதைத்தான் சொன்னார். பிறகு, கையிலிருந்த குமாஸ்தா உத்தியோகத்தை உதறிவிட்டுக் கதை எழுதிப் பிழைக்கப் போகிறேன் என்று நான் வந்து நின்றபோதும் இதே ஒரு வாக்கியம்தான். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

இந்த வசவுக்கு விளக்கம் வேண்டும். நெசவாளர்கள் தறியில் ஊடை நூலைக் குறுக்கே கொண்டு போய்க் கொண்டு வருகிற கருவியை இன்று நாடா என்கிறார்கள். அதற்கு ஓடம் என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. பாவின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓயாமல் போய்வருகிற அதற்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். எங்கள் முன்னோர் ஒருவர் அந்த ஓடத்தைப் போட்டுவிட்டு, தண்ணீரில் போகிற ஓடத்தைப் பிடித்தார். அவர் என் கொள்ளுத் தாத்தாவின் தகப்பனார். முறைப்படி எள்ளுத் தாத்தா. தலைமுறை விலக விலக நம் பெரியவர்கள் தாத்தாக்களைக் கொள்ளாக்கி, எள்ளாக்கிச் சிறுக்க வைத்திருக்கிறார்களே, அதில் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று வேடிக்கையாக நினைத்துக் கொள்வேன். ஞாபகமும் அப்படித்தானே குறைகிறது!

மதுராந்தகம் ஏரிக்குத் தெற்கே ஒரு நெசவுக் கிராமத்தில் அவர் பிறந்தார். அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர். ஒரே கூரையின் கீழ் இரண்டு குழித்தறிகள். தம்பிதான் இவர். கைத்திறம் உள்ளவர் என்று பேர். பிறகு ஒரு நாள் அந்த ஊரில் அவர் இல்லை. சில வருஷங்கள் கழித்துக் கோவளத்துக்குப் பக்கத்தில், கால்வாய்க் கரைக் குடிசை ஒன்றில், உப்பும் சவுக்கு விறகும் ஏற்றுகிற படகில் கழி ஊன்றுகிறவராக அவரைப் பார்க்கிறோம். குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து, விரல் நுனியால் இழையை ஒட்டிப் பழகிய மனிதர், தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு கரையோரம் படகை இழுப்பதாவது! அந்தக் காலத்தில் தொழில் என்பது சம்பாத்தியம் மட்டும் அல்ல. உறவு, கோயில், பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எல்லாம் அதைச் சுற்றித்தான் இருந்தன. அதை விட்டவன் ஊரை மட்டும் விடவில்லை. தன்னையே விட்டான் என்று சொல்லலாம்.

ஏன் விட்டார்?

என் தகப்பனார் சொன்ன பதில் சுருக்கமானது: "கடன் வாங்கினான், ஓடிப்போனான்." பெரியப்பாவிடம் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும். பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக் கொண்டிருந்தபோது, மனைவியையும் குழந்தையையும் தோளில் சுமக்காத குறையாகச் சென்னைக்கு நடத்திக் கொண்டு போய், மண் வெட்டிக் காப்பாற்றிய தீரர் அவர். எழுத்தாளனுக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பாவின் கதையை வைத்துக்கொண்டு நான் ஒரு சிறுகதையே எழுதினேன். நாலு பேர் பாராட்டினார்கள். என் தகப்பனார் அதைப் படித்தாரா என்று எனக்குத் தெரியாது.

பஞ்சம் என்னவோ பொய்யல்ல. 1876-லிருந்து 1878 வரை நீடித்த அந்தக் கொடுமையைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிழவிகள் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்கள். செத்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல். பஞ்சம் என்றால் உழவன்தான் முதலில் விழுவான் என்று நாம் நினைக்கிறோம். நெசவாளி அவனுக்கும் முன்னால் விழுந்துவிடுகிறான். வானம் பொய்த்தது என்று தெரிந்த அன்றே ஜனங்கள் துணி வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். தானிய விலையோ ஏறிக்கொண்டே போகிறது. உழவன் வீட்டுக் குதிரில் அடிமண்டியாவது இருக்கும். நெசவாளி தினம் வாங்கித் தினம் சாப்பிடுகிறவன். விற்காத துணியைச் சாப்பிட முடியுமா?

சர்க்கார் நிவாரண வேலைகளைத் திறந்தது. அதிலும் சிக்கனம் புகுந்தது. 1877-ஆம் வருஷத் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி சென்னை ராஜதானிக்கு வந்து, நாள் முழுதும் மண் சுமக்கிற ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ராஜதானியின் சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் கார்னிஷ் இது மனிதர்களைக் கொல்லும் கணக்கு என்று வாதாடினார். சில மாதங்களுக்குப் பிறகுதான் கூலி உயர்ந்தது. அந்தச் சில மாதங்களில் எலும்பாகிப் போனவர்களின் கணக்கை யார் எடுத்தார்கள்?

அப்படித் திறந்த வேலைகளில் ஒன்று கால்வாய். எண்ணூர்ப் பக்கம் போகும் கால்வாய் 1806-லேயே வெட்டத் தொடங்கியது. தெற்கே போகும் கால்வாயும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில், பட்டணத்துக்குள்ளே சுமார் எட்டுக் கிலோமீட்டர் தூரம் இணைப்பு இல்லாமல் கிடந்தது. பஞ்சத்தில் வந்து குவிந்த ஜனங்களைக் கொண்டு 1877-லும் 1878-லும் அதை வெட்டி முடித்தார்கள். அப்போது கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அந்தக் கால்வாய்க்கு வந்தது. கூடை சுமந்தவர்களின் பெயர் எதற்கும் வரவில்லை, வருவதும் வழக்கமில்லை. இன்று அந்த இடத்தில் பறக்கும் ரயிலின் தூண்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன. தண்ணீர் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். அந்த ரயிலில் போகும்போதெல்லாம், கீழே கறுப்பாய் ஓடுகிற அதைப் பார்த்து, 'இதில் எங்கள் வீட்டு மண்வெட்டி விழுந்த இடம் எது?' என்று நினைத்துக் கொள்வேன்.

பிற்பாடு வெகுகாலம் அந்தக் கால்வாயில் படகுகள் போய் வந்தன. பாரதிதாசன் அதில் மாமல்லபுரத்துக்குப் பிரயாணம் செய்து 'மாவலிபுரச் செலவு' பாடியிருக்கிறார். கயிறு கட்டிப் படகை இழுத்த ஆட்களின் பாட்டையும் அவர் பார்க்கத் தவறவில்லை. அந்த ஆட்களின் முந்தின தலைமுறையில் என் எள்ளுத் தாத்தா ஒருவர்.

ஆகவே, பஞ்சம் துரத்தியது, கால்வாய் அணைத்துக் கொண்டது என்று நான் கணக்கை முடித்து வைத்திருந்தேன். அத்தை அதைக் குலைத்துவிட்டாள்.

அத்தைக்கு இப்போது எண்பத்து நாலு வயது. என் தகப்பனாருக்கு மூத்தவள். அவளுடைய ஆயா, அதாவது கொள்ளுத் தாத்தாவின் மனைவி, அந்த எள்ளுப் பாட்டியிடமே மருமகளாக இருந்தவள். ஆகவே அத்தைக்கு வந்த செய்தி இரண்டே கை மாறி வந்தது. தகப்பனார் காலமான அடுத்த வருஷம், ஒரு பழைய டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போது, துணியில் சுற்றிய ஒரு மரத்துண்டு கிடைத்தது. இரண்டு முனையும் கூராகி, நடுவிலே குடைந்து, கை பட்டுப் பட்டு மெருகேறியிருந்தது. அதுதான் அந்த ஓடம். அதை வாங்கி மடியில் வைத்துக் கொண்டு அத்தை கேட்டாள்:

"நீ எழுதின கதையை உன் பொண்ணு படிச்சுக் காட்டினா. நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்லேடா நடந்தது. பஞ்சத்திலே போனாரு, சரி. பஞ்சம் தீர்ந்த பிறவு ஏன் திரும்பலே? அதை நீ எழுதலையே?"

நான் வாயடைத்துப் போனேன். மழை பெய்து, விலை இறங்கி, ஆயிரக்கணக்கானவர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். இவர் ஏன் திரும்பவில்லை? இத்தனை நாளும் போனதற்கே நான் காரணம் தேடிக் கொண்டிருந்தேன். திரும்பாததைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அத்தை சொன்னது இது. அந்த வருஷம் ஒரு வியாபாரியிடம் இரண்டு பாவுக்கு நூலும், பாவுக்குக் கஞ்சி போடக் கொஞ்சம் தானியமும் எள்ளுத் தாத்தா முன்னதாக வாங்கினார். அண்ணன் பிணை நின்றார். தறிக்குப் போட வாங்கிய கஞ்சியை முதல் வாரமே வீடு குடித்துவிட்டது. கஞ்சியில்லாத பாவில் இழை நிற்குமா? அறுந்துகொண்டே இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டது. ஒரு நாள் சந்தைக்குப் போய் நூலை விற்றுக் கேழ்வரகு வாங்கினார். அன்று இரவே பெண்டாட்டி பிள்ளையோடு கிளம்பிவிட்டார். அடுத்த சுவருக்குப் பின்னால் தூங்கிக் கொண்டிருந்த அண்ணனிடம் சொல்லிக் கொள்ளவில்லை. வியாபாரி அண்ணனைப் பிடித்தான். அண்ணன் தம் தறியை விற்று நூல் கடனை அடைத்தார். தறி போன அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள் அந்தப் பஞ்சம் தாண்டவில்லை.

"நம்ம தாத்தா பொழச்ச கேழ்வரகு அது" என்று அத்தை சொன்னாள். பிறகு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, படகு வேலையில் சேர்த்த பணத்தை ஒரு முடிச்சாகக் கட்டி, அந்தப் பக்கம் போகிற வண்டிக்காரனிடம் எள்ளுத் தாத்தா கொடுத்தனுப்பினார். முடிச்சு அவிழ்க்காமலே திரும்பி வந்தது. கூடவே ஒரு வார்த்தையும் வந்தது: "பணம் வேண்டாம். நூலை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு." அவர் போகவில்லை. சாகும்வரையில் போகவில்லை. தறி போட இடம் இருந்தது, கை மறக்கவில்லை. ஆனாலும் வேறெங்கும் அவர் தறி போடவில்லை. ஓடத்தை மட்டும் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

இதைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு இரவு சரியாகத் தூக்கம் இல்லை. இப்படிப்பட்ட காரியத்தை எப்படி நிறுத்துப் பார்ப்பது?

பெற்ற தாய் பசித்திருக்கப் பார்த்தாலும், சான்றோர் பழிக்கும் காரியத்தைச் செய்யாதே என்கிறார் வள்ளுவர். அதற்கு மேல் கண்டிப்பாக ஒருவர் சொல்ல முடியாது. பாரதத்திலோ, பீஷ்மர் தருமனுக்கு ஒரு கதை சொல்கிறார். பன்னிரண்டு வருஷப் பஞ்சத்தில் விசுவாமித்திரர் ஒரு சண்டாளனின் குடிசையில் நாயின் தொடை மாமிசத்தைத் திருடப் போகிறார். திருடாதே என்று தர்மம் சொல்கிறவன் அந்தக் குடிசைக்காரன்தான். உயிர் இருந்தால் தர்மத்தைப் பிறகு தேடிக் கொள்ளலாம் என்று வாதாடுகிறவர் ரிஷி. நம் முன்னோர் இரண்டையும் நமக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வயிறு நிறைந்தவனுக்கு வள்ளுவரும் பசித்தவனுக்கு விசுவாமித்திரரும் என்று சுலபமாகப் பிரித்துவிடலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. என் எள்ளுத் தாத்தா வியாபாரியின் நூலைத் தின்றதாக அவர் நினைத்திருக்கலாம். உண்மையில் அவர் தின்றது அண்ணன் குழந்தைகளின் கவளத்தை. பசிக்குத் திருடுகிறவன் யாரிடமிருந்து திருடுகிறோம் என்பதைத் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. பெரும்பாலும் அது தன்னைப் போலவே பசித்திருக்கிற இன்னொருவனுடையதாகப் போய்விடுகிறது.

ஆனாலும் அந்த இரவுக்காக அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தக் கேழ்வரகு இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை. லாபம் அடைந்தவன் நீதிபதியாக உட்காருவது நியாயமாகாது.

என்னை உறுத்தியது இரண்டாவது காரியம். போனபோது அவர் கையில் வேறு வழி இல்லை. திரும்பாமல் இருந்தபோது வழி இருந்தது. அண்ணன் கூப்பிட்டது எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. பணம் வேண்டாம், நூலைக் கொண்டுவா என்றால், வந்து உட்கார், நெய்து கொடு என்றுதானே அர்த்தம்? அவர் தம்பிக்கும் அது கேட்டிருக்கும். முடிச்சை அனுப்புவது சுலபம்; முகத்தைக் கொண்டு போவது கஷ்டம். அண்ணன் எதிரே போய் நிற்கிற ஒரு நிமிஷத்துக்குப் பயந்து, ஒரு மனிதர் தம் கைத்தொழிலையும் ஊரையும் ஆயுள் முழுதும் இழக்கச் சம்மதித்தார். அதைப் பஞ்சத்தின் கணக்கில் எழுத முடியாது.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உத்தியோகத்தை விட்ட பிறகு நான் இரண்டு வருஷம் என் தகப்பனாரின் வீட்டுப் படி ஏறவில்லை. என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அம்மா ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பினாள். 'அவர் பேசின பேச்சுக்கு நான் ஏன் போக வேண்டும்?' என்று எனக்குள் சொல்லிக் கொண்டேன். அதை ரோஷம் என்றே நம்பினேன். உள்ளே இருந்தது ரோஷமல்ல. தங்கையின் கல்யாணத்துக்கு என்று அவர் நம்பியிருந்த என் சம்பளம் நின்று போயிற்று. அந்தக் கடனை அவர் தலையில் வைத்துவிட்டு நான் வந்திருந்தேன். அந்த முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியமில்லை. நான் போனபோது அவருக்கு ஒரு பக்கம் கை வராமல் ஆகியிருந்தது. வந்தாயா என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஆகவே, எள்ளுத் தாத்தாவுக்கு விட்டுப்போன காரியத்தை நான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. சென்ற ஆடி மாதம் அந்த ஓடத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். முன்பு தெருவெல்லாம் தறிச் சத்தமாக இருந்த ஊர். இப்போது நாலைந்து வீட்டில்தான் கேட்டது. விசாரித்து, அண்ணன் வழியில் வந்த ஒரு பெரியவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். தறியில் உட்கார்ந்திருந்தார். என்னை யாரென்று தெரியாமல், "என்ன தம்பி, புடவையா பார்க்கிறீங்க?" என்று விசாரித்தார். நான் மெல்ல வம்சாவளியைச் சொன்னேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு, "அட, அப்படின்னா நான் உனக்குப் பெரியப்பா முறை ஆவுதே!" என்று தறியை விட்டு எழுந்து வந்தார்.

"எங்க வூட்லே அவரைப் பஞ்சத்திலே செத்துப் போனார்னுல்ல சொல்லுவாங்க!" என்றார் பெரியவர். "ஆடி அமாவாசைக்கு ஒரு எலை கூடப் போடுவோம். பஞ்சத்திலே போன சின்னவருக்குன்னு. எங்க தாத்தா காலத்துக்கு முன்னாடியிலேருந்து வழக்கம். நூல் கடனா? அதெல்லாம் யாரும் சொன்னதில்லையே."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தம்பி உயிரோடிருப்பது அண்ணனுக்குத் தெரியும். பணமுடிச்சு வந்ததே! தெரிந்திருந்தும் அவர் செத்துப் போனான் என்று தம் பிள்ளைகளிடமும் ஊரிடமும் சொல்லியிருக்கிறார். வராத தம்பியைக் கோபத்தில் தலைமுழுகிவிட்டாரா? அல்லது, செத்தவனை யாரும் திருடன் என்று சொல்ல மாட்டார்கள் என்று மறைத்துக் காப்பாற்றினாரா? யோசித்துப் பார்த்தால், இரண்டும் கலந்தே இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. உடன்பிறந்தவர்களின் கோபத்தில் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. எங்கள் வீட்டில் அவர் பெயர் வசவாயிற்று. அவரால் நஷ்டப்பட்ட வீட்டில் அவருக்கு இலை விழுந்தது.

சொல்லலாமா, வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். அண்ணன் கட்டிக் காத்த மறைப்பை உடைக்க நான் யார் என்ற எண்ணம். ஆனால் மறுபடியும் முகத்தை மறைத்துக் கொண்டு திரும்புவதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்? நூல், பிணை, இரண்டு குழந்தைகள், முடிச்சு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரியவர் தரையைப் பார்த்துக் கொண்டே கேட்டார். உள்ளிருந்து அவர் மருமகள் வந்து கதவோரம் நின்றாள். கடைசியில் அவர் சொன்னார்:

"அப்படின்னா ரொம்ப நாள் உசிரோட இருந்தவருக்கா எலை போட்டுக்கிட்டிருந்தாங்க? சரி, போவட்டும். எப்படியும் பின்னாடி செத்துத்தானே போயிருப்பாரு." சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. "ரெண்டு புள்ளைங்க போனது எங்களுக்குத் தெரியாதுப்பா. அதுங்களுக்கும் இனிமே ஒரு எலை போடணும்" என்றார்.

நான் ஓடத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கையாலே வீசற காலத்து ஓடம். இப்ப தறிக்கு ஆவாது" என்றார். ஆனாலும் பழக்கத்தில் வலது கையிலிருந்து இடது கைக்கு ஒரு முறை வீசிப் பிடித்தார். இங்கேயே இருக்கட்டும், இது உங்கள் வீட்டுக்குச் சேர வேண்டியது என்றேன்.

"எங்களுக்கு எதுக்கு? இங்க தறியே இருக்குது" என்று அதை என் பையிலேயே திரும்ப வைத்தார். "உங்ககிட்ட இது ஒண்ணுதானே இருக்கு. எடுத்துக்கிட்டுப் போ. ஆனா அமாவாசைக்கு வந்துடு."

ஆடி அமாவாசைக்குப் போனேன். அத்தையையும் கூட்டிக் கொண்டு போனேன். அன்று மூன்று இலைகள் கூடுதலாக விழுந்தன.